கமலா, சாத்துக்குடிப் பழங்களைக் குத்தி உறிஞ்சும் அந்துப்பூச்சி

பழம் முற்றி நிறம் மாறத் தொடங்கும் சமயம். முதல் நாள் மாலை தோட்டத்தைச் சுற்றி வந்தபோது எல்லாம் நன்றாகவே இருந்தது. நாலைந்து நாள் கழித்து விடிகாலையில் போய்ப் பார்த்தால், வேலியோர மரங்களின் அடியில் பழங்கள் உதிர்ந்து கிடக்கின்றன. காற்று இல்லை, மழை இல்லை, குரங்கு வந்த தடயமும் இல்லை. மறுநாளும் அப்படியே. ஒரு வாரத்தில் வேலியோரம் இரண்டு வரிசை மரங்களில் பாதிப் பழம் போய்விடுகிறது. கமலா ஆரஞ்சு, சாத்துக்குடி பயிரிடும் விவசாயிகள் பலருக்கு, முக்கியமாக மலையடிவாரத்திலும் காட்டோரத்திலும் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு, இது பழகிய அனுபவம்.

இதற்குக் காரணமான பூச்சியைப் பலர் பார்த்ததே கிடையாது. பகலில் அது தோட்டத்தில் கண்ணில் படாது. ஆகையால் பழி வேறு யார் மீதோ விழுகிறது. வௌவால் என்பார் ஒருவர், பழ ஈ என்பார் மற்றொருவர். உரம் போதவில்லை என்றும் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றும் சொல்வதுண்டு. எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் சந்தேகம் காவற்காரர் மேலேயே திரும்பியது. பழத்தைக் குத்தகைக்கு எடுத்தவர், ராத்திரியில் மரத்தை உலுக்கிப் பழத்தை விற்கிறார் என்று அந்த வயதான மனிதரை வேலையை விட்டு நிறுத்தும் நிலைக்கு வந்துவிட்டார். "ஐயா, ஒரே ஒரு ராத்திரி என்கூட வந்து நின்னு பாருங்க, அப்புறம் என்னைப் போகச் சொல்லுங்க" என்று அவர் கேட்டுக்கொண்டார். அன்று இரவு எட்டரை மணிக்கு இருவரும் டார்ச் விளக்குடன் வேலியோரம் போனார்கள். இலைகளுக்கு நடுவே பழங்களின் மேல் ஜோடி ஜோடியாகச் சிவப்பாக ஏதோ தணல் போல மின்னியது. கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு ஜோடியும் ஒரு பெரிய பூச்சியின் கண்கள். பூச்சியின் மூக்கு பழத்துக்குள் இறங்கியிருந்தது. ஒரு மரத்தில் மட்டும் ஏழெட்டு இருந்தனவாம். காவற்காரரின் வேலை தப்பியது.

இதுதான் பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி. அந்து என்றவுடன் நெல் குதிரிலிருந்து பறக்கும் சின்னஞ்சிறு பூச்சிதான் நம் நினைவுக்கு வரும். இது அப்படிப்பட்டதல்ல. இறக்கையை விரித்தால் மூன்றரை முதல் நான்கு அங்குலம் வரை, ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம் இருக்கும். முன் இறக்கை காய்ந்த சருகு போலப் பழுப்பு நிறமாகவோ பச்சை கலந்த பழுப்பாகவோ இருக்கும். உட்கார்ந்திருக்கும்போது அது மட்டுமே வெளியே தெரியும். அதனால் பகலில் புதரிலோ சருகுக் குவியலிலோ கிடந்தால் கையால் தொடும்வரை தெரியாது. தொட்டவுடன் பளிச்சென்று ஆரஞ்சு நிறப் பின் இறக்கையை விரித்துக் காட்டிவிட்டுப் பறந்துவிடும். அந்தப் பின் இறக்கையில் கருப்புத் திட்டு இருக்கும். திட்டு வளைந்து அவரை விதை வடிவில் இருந்தால் ஓர் இனம். வட்டப் பொட்டாக இருந்தால் இன்னோர் இனம். விஞ்ஞானிகள் முதலாவதை யூடோசிமா ஃபலோனியா என்றும் இரண்டாவதை யூடோசிமா மெட்டர்னா என்றும் சொல்கிறார்கள். பழைய வேளாண்மைப் புத்தகங்களில் ஒத்ரீஸ் என்ற பெயர் இருக்கும்; பூச்சி அதேதான். வேறு சில இனங்களும் உண்டு. தோட்டக்காரரைப் பொறுத்தவரை எல்லாம் செய்கிற வேலை ஒன்றுதான்.

தேன் குடிக்கும் குழல் துளைக்கும் கருவியானது

பட்டாம்பூச்சிக்கும் அந்துப்பூச்சிக்கும் வாயில் சுருண்ட குழல் ஒன்று உண்டு. அதை நீட்டிப் பூவில் தேன் குடிக்கும். பெரும்பாலான இனங்களில் அந்தக் குழல் நூல் போல மெல்லியது. ஒரு தக்காளித் தோலைக் கூடக் குத்த முடியாது. இந்தப் பூச்சியின் குழல் மட்டும் வேறு மாதிரி. ஏறக்குறைய ஓர் அங்குல நீளம். நுனி கெட்டிப்பட்டு ஊசி போலக் கூராக இருக்கும். அந்த நுனியைச் சுற்றி, மீன் தூண்டிலில் இருப்பது போலப் பின்னோக்கி வளைந்த முட்களும், அரம் போன்ற சிறு பற்களும் இருக்கின்றன. பழத்தின் மேல் உட்கார்ந்து தலையை அசைத்து அசைத்துக் குழலைத் தோலுக்குள் செலுத்தும். முட்கள் உள்ளே சதையைக் கிழிக்கக் கிழிக்கச் சாறு ஊறும். அதை உறிஞ்சும். கமலாவின் தோலும் அடித்தோலும் சேர்ந்த கனத்தை அது சுலபமாகத் தாண்டிவிடும்.

பயிரைக் கெடுக்கும் அந்துப்பூச்சிகளில் சாதாரணமாகப் புழுதான் எதிரி. நெல்லில் குருத்துப்பூச்சி, பருத்தியில் காய்ப்புழு எல்லாம் அப்படித்தான். வளர்ந்த பூச்சி முட்டை இடுவதோடு சரி. இங்கே கதை தலைகீழ். புழு நம் பழ மரத்தின் ஓர் இலையைக் கூடத் தொடுவதில்லை. வளர்ந்த பூச்சி மட்டுமே சேதம் செய்கிறது. அதுவும் நம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்ததல்ல. வெளியிலிருந்து இரவில் வந்து போகிறது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், செய்ய வேண்டியது எது, செய்து பயனில்லாதது எது என்று பாதி தெரிந்துவிடும்.

எலுமிச்சை இனத்துக்கு வேறு பூச்சிகளும் உண்டு என்பதால் குழப்பிக்கொள்ளக் கூடாது. இளந்தளிரில் வெள்ளிக் கோடு போட்டு இலையைச் சுருட்டுவது இலைத் துளைப்பான். அது மிகச் சிறிய அந்துப்பூச்சியின் புழு. நாற்றுகளின் இலையை மொட்டையடிப்பது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. இவற்றுக்கும் பழம் உதிர்வதற்கும் சம்பந்தமில்லை.

அடையாளம் காண்பது எப்படி?

உதிர்ந்த பழத்தை எடுத்துத் துடைத்துப் பாருங்கள். குண்டூசியால் குத்தியது போல ஒரு சிறு வட்டத் துளை இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட துளைகளும் இருக்கலாம். புதிய துளையாக இருந்தால் பழத்தை லேசாக அழுத்தும்போது அந்த இடத்திலிருந்து சாறு பீறிடும். இரண்டு மூன்று நாள் ஆனதாக இருந்தால் துளையைச் சுற்றித் தோல் பழுப்பாகி, தொட்டால் மெத்தென்று அமுங்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளே சுளை வற்றிப் பஞ்சு போல இருக்கும், அல்லது புளித்த நாற்றம் அடிக்கும்.

இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம். வெட்டிய பழத்துக்குள் வெள்ளை நிறப் புழுக்கள் நெளிந்தால் முதலில் பழ ஈயைச் சந்தேகிக்க வேண்டும்; அதற்கான வைத்தியம் வேறு. அந்துப்பூச்சி குத்திய பழத்தில் துளை இருக்கும், புழு இராது. ஆனால் குத்துப்பட்டுத் தரையில் கிடந்து அழுகிய பழத்தில் வேறு சிறு ஈக்கள் முட்டை இட்டுப் புழு வைத்துவிடும். எனவே அன்று காலை விழுந்த புதுப் பழத்தை வெட்டிப் பார்த்தால்தான் முடிவு சரியாக இருக்கும். பத்துப் பழமாவது வெட்டிப் பாருங்கள்.

பூச்சி உறிஞ்சும் சாறு கொஞ்சம்தான். அது மட்டும் என்றால் பழம் தேறிவிடக்கூடும். கெடுதல் அந்தத் துளை வழியாக வருகிறது. பூஞ்சாணங்களும், புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களும் உள்ளே புகுந்து சில நாட்களில் பழத்தை அழுக வைத்து உதிர்த்து விடுகின்றன. புளித்த வாசனை கிளம்பியதும் இரண்டாவது கூட்டம் ஒன்று வருகிறது. தாமாகத் துளை போடச் சக்தியில்லாத அந்துப்பூச்சிகள் இவை. முதல் பூச்சி போட்ட ஓட்டையில் வாயை வைத்துக் குடிக்கும். இரவில் தோட்டத்தில் பத்து வகைப் பூச்சி பார்த்தால் பத்தும் குற்றவாளி அல்ல. கண்ணில் படும் கூட்டத்தில் துளை போடுகிறவை சிலவே.

ஆமணக்கில் இலையைத் தின்னும் காவடிப் புழு எல்லோருக்கும் தெரிந்தது. அதன் அந்துப்பூச்சியும் இந்தக் கூட்டத்தில் உண்டு. மெல்லிய தோல் உள்ள பழத்தையும் ஏற்கெனவே ஓட்டை விழுந்த பழத்தையும் அது உறிஞ்சும். ஆகவே பழத் தோட்டத்தின் ஓரத்தில் ஆமணக்கை வரிசையாக நட்டு வைப்பது நல்லதல்ல என்பது என் கருத்து.

எலுமிச்சை இனம் மட்டும்தான் என்றில்லை. மாதுளை, கொய்யா, திராட்சை, மாம்பழம், பப்பாளி, வாழைப்பழம், தக்காளி வரைக்கும் இந்தப் பூச்சி கைவைக்கும். தோட்டத்தில் பல வகைப் பழமரம் கலந்து வைத்திருப்பவர்கள், முதலில் பழுக்கும் மரத்தைக் கவனித்து வந்தால் பூச்சி வந்த செய்தி சீக்கிரம் கிடைக்கும்.

பிறப்பிடம் சீந்தில் கொடி

தாய்ப் பூச்சி முட்டை இடுவது காட்டுக் கொடிகளில். நம் பக்கத்தில் முக்கியமானவை இரண்டு. ஒன்று சீந்தில். வேலியிலும் வேப்பமரத்திலும் ஏறி, மேலிருந்து கயிறு போல விழுதுகளைத் தொங்கவிடும். இலை இதய வடிவம். தண்டின் மேல்தோல் காகிதம் போல உரியும். சிவந்த சிறு பழங்கள் கொத்தாக இருக்கும். மற்றொன்று கட்டுக்கொடி. வறண்ட வேலிகளில் படரும் மெல்லிய கொடி. இதன் இலையைக் கசக்கித் தண்ணீரில் பிழிந்து வைத்தால் சற்று நேரத்தில் தண்ணீர் கூழ் போல உறைந்துவிடும். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. இந்த இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்துக் கொடிகள்தான் புழுவின் உணவு.

இலையின் அடிப்புறத்தில் தனித்தனியாகவோ கூட்டமாகவோ முட்டைகள் இருக்கும். ஒரு பூச்சி நூற்றுக்கணக்கில் இடும். மூன்று நான்கு நாளில் புழு வெளிவரும். முதலில் பச்சையாக, நூல் போல இருக்கும். வளர வளரக் கருத்துப் பட்டுத்துணி போல மினுமினுக்கும். முழு வளர்ச்சியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் நீளம். முதுகை வளைத்து வளைத்து நடக்கும் காவடிப் புழுதான் இதுவும். உடம்பின் இரண்டு பக்கமும் முன்பாதியில் பெரிய கண் போன்ற வட்டங்கள் உண்டு, ஒவ்வொரு பக்கமும் இரண்டு. வெள்ளையும் மஞ்சளும் கலந்த இந்த வட்டங்கள் உண்மையான கண்கள் அல்ல. தொந்தரவு செய்தால் தலையை உள்ளே சுருட்டி, வாலைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். அப்போது அந்த வட்டங்கள் முறைப்பது போல இருக்கும். குருவி பயந்து விலகுவதற்காக இயற்கை கொடுத்த ஏற்பாடு. பாம்புக் குட்டியோ என்று மனிதர்களும் ஒரு கணம் பின்வாங்குவதுண்டு. இந்தப் புழுவுக்கு விஷம் கிடையாது.

வெயிலையும் குளிரையும் பொறுத்து இரண்டு முதல் நான்கு வாரம் வரை புழுப் பருவம். பிறகு கொடியின் இலைகளையே நூலால் இழுத்துச் சேர்த்துக் கட்டி, அதற்குள் கூட்டுப்புழுவாகும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அந்துப்பூச்சியாக வெளியேறும். முட்டையிலிருந்து பூச்சி வரை மொத்தத்தில் ஐந்து முதல் ஏழு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு பயனுள்ளது. கோடையில் கட்டுக்கொடியும் சீந்திலும் இலை குறைந்து கிடக்கும். புழுவுக்குச் சாப்பாடு குறைவு. மழை விழுந்ததும் கொடிகள் தளதளவென்று துளிர்க்கும். அந்தத் துளிரில் இட்ட முட்டை ஒன்றரை மாதத்தில் பறக்கும் பூச்சியாகிவிடும். ஆக, நல்ல மழை பெய்து ஒன்றரை இரண்டு மாதம் கழித்து உங்கள் தோட்டத்தில் பழம் முற்றுமானால் அது ஆபத்தான பருவம். நாகபுரி ஆரஞ்சுத் தோட்டங்களில் இதைத் தெளிவாகக் காணலாம். அங்கே ஆண்டுக்கு இரண்டு பூப்புப் பருவம் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் பூத்து மழைக்காலம் முடியும் தறுவாயில் முற்றும் அம்பியா போகத்துப் பழங்களை இந்தப் பூச்சி ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை பிடித்து வாட்டும். மழைத் தொடக்கத்தில் பூத்துப் பிப்ரவரி, மார்ச்சில் அறுவடையாகும் மிருக போகம் பெரும்பாலும் தப்பிவிடும். மரமும் ஒன்று, மண்ணும் ஒன்று. பழுக்கும் மாதம்தான் வேறு.

தென்கடல் தீவுகளில் வேறொரு வேடிக்கை. அங்கே இந்தப் பூச்சி கல்யாண முருங்கை இனத்து மரங்களின் இலையில் புழுவாக வளர்கிறது. நம் நாட்டிலோ அதற்குச் சீந்தில் குடும்பத்துக் கொடிகள்தான் உணவு. ஆகவே யாராவது புத்தகத்தைப் பார்த்துவிட்டு, மிளகுக்கும் வெற்றிலைக்கும் நிற்கும் கல்யாண முருங்கையை வெட்டச் சொன்னால் வெட்ட வேண்டாம்.

சீந்திலை வெட்டலாமா?

"கொடியை அழித்தால் பூச்சி அழியும்" என்று சுலபமாக எழுதிவிடலாம். பல பிரசுரங்களில் அப்படித்தான் இருக்கும். நடைமுறையில் இரண்டு சிக்கல் உண்டு.

முதலாவது, சீந்தில் மூலிகை. காய்ச்சலுக்கும் நீரிழிவுக்கும் சித்த வைத்தியத்தில் வழங்குவது. 2020இல் கொரோனாத் தொற்று வந்தபோது இதன் பேர் நாடு முழுக்கப் பரவி, பலர் வேலியில் தேடி நட்டு வளர்த்தார்கள். சில சிறு விவசாயிகளுக்கு அதன் தண்டு விற்றுக் கொஞ்சம் காசும் கிடைக்கிறது. கட்டுக்கொடியும் அப்படியே மருந்துக் கொடிதான். இரண்டாவது, பூச்சி பலமாகப் பறக்கக்கூடியது. உங்கள் வேலியில் ஒரு கொடி கூட இல்லாவிட்டாலும், எதிர்ப்பக்கத்து மலைச்சரிவிலிருந்து அது வந்துவிடும். காப்புக்காட்டில் போய்க் கொடி வெட்ட நமக்கு உரிமையும் இல்லை, அது சரியும் இல்லை. அந்தக் கொடியின் பழத்தைத் தின்று வாழும் பறவைகள் உண்டு.

என் யோசனை இதுதான். காட்டை விட்டுத் தள்ளி, சமவெளியில், சுற்றிலும் சாகுபடி நிலமாக இருக்கும் தோட்டம் என்றால் வேலிக் கொடிகளை அகற்றுவதில் நல்ல பலன் உண்டு. அதுவும் தனியாக ஒருவர் செய்து பயனில்லை. பக்கத்து நிலத்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து, மழைக்கு முன்னால் ஒரே வாரத்தில் வேரோடு எடுக்க வேண்டும். சீந்தில் தண்டை வெட்டி வேலியிலேயே போட்டுவிட்டு வந்தால் அது மறுபடி வேர்விட்டுக் கிளம்பும்; மழையில்லாமல் தொங்கியே பல நாள் உயிரோடு இருக்கும். வெட்டியதை அப்புறப்படுத்தி உலர்த்த வேண்டும்.

காட்டோரத் தோட்டக்காரர்களுக்குக் கொடி அழிப்பால் பெரிய பலன் வராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு நான் சொல்வது வேறு. வீட்டருகே மருந்துக்கென்று ஒரு சீந்தில் கொடி வைத்திருந்தால் அதை வெட்டாதீர்கள். அதைக் காவல் கொடியாக வைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு வாரம் இருமுறை அதன் இலைகளைப் புரட்டிப் பாருங்கள். கண் வட்டம் போட்ட புழு தென்பட்டால் பொறுக்கி அழியுங்கள். நூலால் பின்னிய இலைகளைக் கிள்ளி எரியுங்கள். புழு முதன்முதலாகத் தென்பட்ட தேதியைக் குறித்துக்கொண்டால், அதிலிருந்து மூன்று நான்கு வாரத்தில் தோட்டத்துக்குக் காவல் தேவை என்பது தெரிந்துவிடும். பார்க்காமல் விட்டுவிட்டால் அந்தக் கொடியே பூச்சிப் பண்ணையாகிவிடும். பார்க்க நேரமில்லாதவர்கள் எடுத்துவிடுவதே மேல்.

மருந்து தெளித்தால் போகாதா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. பதில், பெரும்பாலும் போகாது. பகலில் மருந்து அடிக்கும்போது பூச்சி தோட்டத்திலேயே இல்லை. இரவில் வந்தாலும் அது தோலைத் தின்பதில்லை. தோலைத் துளைத்து உள்ளே இருக்கும் சாறைத்தான் குடிக்கிறது. தோலின் மேல் இருக்கும் மருந்து அதன் வயிற்றுக்குப் போக வழியில்லை. இன்று செத்தவற்றுக்குப் பதிலாக நாளை காட்டிலிருந்து வேறு வரும். இதோடு, அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது பழத்தின் மேல் விஷம் தெளித்தால் அது வாங்கிச் சாப்பிடுகிறவர் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது. மருந்துக்கடையில் கடன் வைத்து மூன்று முறை அடித்துவிட்டு, பழமும் போய், கடனும் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நஞ்சு கலந்த இனிப்பு வைக்கும் முறை ஒன்று உண்டு. வெல்லப்பாகு அல்லது கழிவு வெல்லக் கரைசலைப் புளிக்க வைத்து, அதில் சிறிதளவு பூச்சிமருந்து கலந்து, அகன்ற வாய்ச் சட்டிகளில் ஊற்றி மாலையில் மரங்களுக்கிடையே தொங்கவிடுவார்கள். மருந்தும் அளவும் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரைக் கேட்டே கலக்க வேண்டும். அனுமதி விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. இதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. மரத்தில் நல்ல பழம் இருக்கும்போது பூச்சி சட்டியைத் தேடி வருவது குறைவு. செய்வதானால் பழம் முற்றத் தொடங்கும் முன்பே தோட்ட ஓரத்தில் வைக்க வேண்டும். விடிவதற்குள் சட்டிகளை எடுத்து மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் தேனீக்கள் கூட்டமாக வந்து செத்து விழும். பிள்ளைகளும் ஆடு மாடுகளும் கிட்டே போகாதபடி பார்த்துக்கொள்வது அவசியம்.

விளக்குப் பொறியும் இதற்குப் பெரிதாக உதவாது. இந்தப் பூச்சி பழ வாசனையைத்தான் தேடி வருகிறது. விளக்குக்கு அவ்வளவாக வருவதில்லை. ஜப்பானில் 1960களிலிருந்து இதற்கு நேர்மாறான ஒரு முறையைக் கையாண்டு வருகிறார்கள். பூச்சியை இழுக்க அல்ல, விரட்ட விளக்கு. தோட்டத்துக்கு மேலே மஞ்சள் விளக்குகளை இரவு முழுவதும் எரிய விடுகிறார்கள். வெளிச்சம் பட்டதும் பூச்சியின் கண் பகலுக்கு ஏற்றபடி மாறிவிடுகிறது. பகல் என்று நினைத்து அது பறக்காமல் உண்ணாமல் உட்கார்ந்துவிடும். மின்சாரம், கம்பம், விளக்கு என்று செலவு இருப்பதால் பெரிய தோட்டத்துக்கு நமக்குக் கட்டாது. கிணற்று மோட்டாருக்கு இணைப்பு இருந்து, பழமரம் இருபது முப்பதே உள்ளவர்கள் ஓரத்து மரங்களுக்கு மட்டும் செய்து பார்க்கலாம்.

கையால் செய்யக்கூடியவை

செலவில்லாத வேலை, உதிர்ந்த பழத்தைப் பொறுக்குவது. தினமும் காலையில் கூடையோடு போய் ஒன்று விடாமல் எடுத்து, இரண்டடி ஆழக் குழியில் போட்டு மண் மூட வேண்டும். புளித்த வாசனைதான் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு. தோட்ட மூலையில் குவித்து வைப்பது பொறுக்காமல் விடுவதற்குச் சமம். மரத்தில் தொங்கும் குத்துப்பட்ட பழத்தையும் சேர்த்துப் பறித்துவிடுங்கள். எப்படியும் அது தேறாது.

அடுத்தது இரவுக் காவல். இருட்டி ஒரு மணி நேரம் கழித்து ஆரம்பித்துப் பதினொரு மணி வரை பூச்சி சுறுசுறுப்பாக இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் கண் மின்னுவதால் கண்டுபிடிப்பது சுலபம். குழல் பழத்துக்குள் சிக்கியிருக்கும்போது சட்டென்று பறக்க அதற்கு முடியாது. கொசுவலைத் துணியைக் கம்பி வளையத்தில் தைத்து, நீளக் கம்பில் கட்டிக்கொண்டால் ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் ஓரத்து வரிசையைச் சுற்றி வந்துவிடலாம். ஒரே பூச்சி ஓர் இரவில் பல பழங்களைக் குத்தும் என்பதால் பிடிபடும் ஒவ்வொன்றும் லாபம்தான். முழுத் தோட்டத்தையும் சுற்ற வேண்டாம். காட்டையும் புதரையும் நோக்கிய பக்கத்தில்தான் சேதம் அதிகம். அங்கே இரண்டு மூன்று வரிசை பார்த்தால் போதும். தினம் எத்தனை பிடிபட்டன என்று எழுதி வையுங்கள். எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் கொண்டு அறுவடையைத் தீர்மானிக்கலாம்.

மாலையில் மூட்டம் போடுவது மலைத் தோட்டங்களில் பழைய வழக்கம். ஈர வைக்கோல், சருகு, வேப்பிலை போட்டுக் காற்று வரும் பக்கத்தில் புகை விட்டால் பழ வாசனை மறைந்து பூச்சி குறைகிறது. காற்று திசை மாறினால் பலன் போய்விடும். காய்ந்த காலத்தில் காட்டோரம் நெருப்பு வைப்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்; ஆள் இல்லாமல் விடக்கூடாது.

பழத்துக்கு உறை போடுவது நிச்சயமான பாதுகாப்பு. வீட்டுத் தோட்டத்துக்கும் பத்துப் பதினைந்து மரம் உள்ளவர்களுக்கும் இது ஏற்றது. பாலிதீன் பை என்றால் அடியில் துளை போட்டால்தான் வியர்வை வடியும். துணியோ காகிதமோ ஆனால் பழத்தோடு ஒட்டிக்கொள்ளாமல் தளர்வாக இருக்க வேண்டும். ஒட்டிக் கிடந்தால் உறையோடு சேர்த்தே குத்திவிடும். மரத்தின் மேல் வலை போர்த்துகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கூலி கொடுத்துச் செய்தால் கமலாவுக்குக் கணக்கு இடிக்கும். விலை அதிகமுள்ள மாதுளைக்கு ஒருவேளை கட்டும்.

இயற்கையும் நமக்குக் கொஞ்சம் உதவி செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஒட்டுண்ணிக் குளவிகள் இந்தப் பூச்சியின் முட்டைக்குள் தங்கள் முட்டையை வைத்துவிடும். அப்படிப்பட்ட முட்டையிலிருந்து புழு வராது, குளவிதான் வரும். பப்புவா நியூகினியிலிருந்து இந்தக் குளவிகளைக் கொண்டுபோய்ப் பசிபிக் தீவுகள் சிலவற்றில் விட்டார்கள். வேலிக் கொடியின் மேல் மருந்தைத் தெளித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான்.

அறுவடை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பயத்தில் பிஞ்சுப் பழத்தைப் பறித்துவிடாதீர்கள். வாழை, மா போலக் கமலாவும் சாத்துக்குடியும் பறித்த பிறகு இனிப்பு ஏறுவதில்லை. மரத்தில் இருந்தவரைக்கும்தான் ருசி. ஆனால் முற்றிய பழத்தை, நல்ல விலை வரட்டும் என்று மேலும் இரண்டு வாரம் மரத்தில் வைத்திருப்பது பூச்சி உள்ள பருவத்தில் பெரிய சூதாட்டம். ஓரத்து வரிசைகளை முதலில் பறித்து, நடுத்தோட்டத்தைப் பிறகு பறிக்கலாம். எலுமிச்சைக்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. காய் பச்சை மாறி மஞ்சள் ஓடும்போதே பறித்துச் சந்தைக்கு அனுப்பிவிட முடியும்.

பறித்த பழத்தைக் கூடையில் கட்டுவதற்கு முன்பு ஒரு நாள் நிழலில் பரப்பி வையுங்கள். நேற்றிரவு குத்துப்பட்ட பழம் பறிக்கும்போது நல்ல பழம் மாதிரியே இருக்கும். மறுநாள் துளையைச் சுற்றி நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகமாக இருப்பதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, சாறு கசிந்தால் தனியே எடுத்து அன்றே வீட்டுக்கோ ஊறுகாய்க்கோ பயன்படுத்திக்கொள்ளலாம். அப்படிப்பட்ட ஒரு பழம் கூடைக்குள் போனால், மண்டி போய்ச் சேருவதற்குள் சுற்றியிருக்கும் பழங்களையும் அழுக வைத்துவிடும்.